கித்தாரின் பத்தர்

யாழைப் பாடவந்த பொருநராற்றுப்படைப் புலவர் நரம்பிலிருந்து தொடங்கவில்லை. பத்தரையே முதலிற் கூறுகின்றார். அதன்மேற் போர்த்த தோல், ஆணி, வளைந்த கோடு, கோட்டிற் கட்டிய வார் என ஒவ்வொன்றாகச் சொல்லிவந்து, நரம்பைப் பின்னுக்கே வைக்கின்றார். இப்பகுதியைப் பாடஞ் சொல்லுந்தோறும் மாணவர் கேட்கும் வினா ஒன்றுண்டு. இசை பிறப்பது நரம்பிலன்றோ, மரத்தொட்டிக்கு ஏன் இந்த முதன்மை என்பது அது. விடை எளிது. ஒரு கம்பியை இரண்டு ஆணிகளுக்கிடையே இழுத்துக்கட்டிச் சுண்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவனுக்கும் சரியாகக் கேளாது. நரம்பின் சிறு நடுக்கத்தை வாங்கி, அதற்கு உடம்பு கொடுத்து, அவைக்கு அளிப்பது பத்தர்.

இன்றைய மின் கித்தாருக்கு இந்தப் பத்தர் இல்லை. அதன் உடல் பெரும்பாலும் ஒரு கனத்த மரப்பலகை. நரம்புகளின் கீழே காந்தமும், அதைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருளும் இருக்கின்றன. உருக்குக் கம்பி அதிரச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகின்றது. அது ஒரு வயரின் வழியே வேறொரு பெட்டிக்குப் போய், அங்கேதான் ஒலியாகின்றது. அப்பெட்டியை எங்கள் பௌதிகப் பாடநூல்கள் விரியலாக்கி என்னும். வாசிக்கும் பிள்ளைகள் 'அம்ப்' என்பர். ஆகவே மின் கித்தார் கையிற் பாதியும், மேடையின் பின்புறத்திற் பாதியுமாக, இரண்டு துண்டாய்க் கிடக்கும் ஒரு வாத்தியம். விரியலாக்கியை வாத்தியத்துக்குத் துணையான ஓர் இயந்திரம் என்று எண்ணிக் கடைக்குப் போகின்றவன், இயந்திரத்துக்குரிய கேள்விகளையே கேட்பான். எத்தனை வாற்று, எத்தனை குமிழ், எவ்வளவு பெரிது? பத்தரை வாங்கப் போகின்றவன் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு.

பிராசீன பாடசாலையில் நன்னூலும் காரிகையும் படிப்பிக்கும் ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் என்பார் உளர். விபுலாநந்த அடிகள் பழந்தமிழிசையையும் ஒலிநூற் கணக்கையும் ஒருங்கே வைத்து 1947இல் யாழ் நூலைத் தந்துபோன நாட்டிலே, பண்டிதன் மின்சாரத்தைத் தொடலாகாது என்பது பொருந்தாது. அஃது ஒரு காரணம். மற்றையது என் தமக்கையின் மகன். பகலில் வங்கி உத்தியோகம். வாரவிறுதியில் ஓர் இசைக்குழுவில் கித்தார். வால்வு விரியலாக்கி ஒன்று வாங்க மூன்று வருடம் பணஞ் சேர்த்தான். போதாததற்குத் தன் சங்கிலியை அடைவு வைக்கவும் தமக்கை ஆயத்தமாயிருந்தாள். “நூறு வாற்று எண்டால்தான் மாமா, மேடையிலை எடுபடும் எண்டு பெடியள் சொல்லுறாங்கள்” என்றான். நிகழ்ச்சி முடிந்த இரவுகளில் அவன் காதில் விடியுமட்டும் ஒரு கூவல் நிற்கின்றது என்பதை அவன் சொல்லவில்லை, தாய் சொன்னாள். பணமும் செவியும் ஒருங்கே போகக்கூடிய காரியம் என்று கண்டபின் சும்மா இருக்க இயலுமா? சில மாதம் படித்தேன். வாசிப்போரைத் தேடிப்போய் அருகிருந்து கேட்டேன்.

வால்வு என்பது காற்று அகற்றப்பட்ட கண்ணாடிக் குப்பி. இங்கிலாந்தில் பிளெமிங் 1904இல் அதனை இரண்டு முனை உடையதாக அமைத்தார். அமெரிக்காவில் லீ டி பொரஸ்ற் 1906இல் இடையே மூன்றாவதாக ஒரு கம்பியை வைத்தார். சூடேறிய முனையிலிருந்து இலத்திரன்கள் எதிர்முனைக்குப் பாய்கின்றன. இடையிலுள்ள கம்பி வாய்க்கால் மதகுபோல நிற்கின்றது. கித்தாரிலிருந்து வரும் சிறு சைகை மதகை அசைக்க, பெருவெள்ளம் அதற்கேற்பக் கூடியும் குறைந்தும் ஓடும். இவ்வளவுதான் விரியலாக்கம். என் சிறுபராயத்தில் கோயில் திருவிழாவுக்கு வரும் ஒலிபெருக்கிக்காரரிடமும் இத்தகைய வால்வுப் பெட்டி ஒன்று இருந்தது. பனையிற் குழாயைக் கட்டிவிட்டு, வால்வுகள் செம்மையாகக் கனலும்வரை அவர் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பார். அந்தப் பெட்டியின் நோக்கம் பாடுவோர் குரலைப் பழுதின்றிப் பெருக்குவது. திரான்சிற்றர் வந்து அதே வேலையை இலேசாகவும் மலிவாகவும் செய்தது. ஒலிபெருக்கிக்காரரிடத்தும் வீட்டு வானொலியிலும் வால்வு ஒழிந்தது. கித்தாரில் மட்டும் ஒழியவில்லை. கித்தார்க்காரர் பழுதின் ஒரு வகையையே விரும்பியமை அதற்குக் காரணம்.

அந்தப் பழுது இத்தகையது. அளவுக்கு மேல் ஓட்டினால், சாதாரண திரான்சிற்றர்ப் பெட்டி ஒலியலையின் தலையைக் கத்தியால் வெட்டியதுபோல வெட்டிவிடும். வால்வோ மெல்ல மெல்ல மழுங்கச் செய்யும். மழுங்கிய அலையில், வாசித்த சுரத்தோடு வாசியாத சுரங்களும் உடன் பிறக்கும். குரல் நரம்பைத் தொட்டால் மேல் மண்டிலத்துக் குரலும், அதற்கு மேலுள்ள இளியும் சேர்ந்தெழும். ஒலி தடித்து, ஓரம் சற்றே கரகரக்கும். உணர்ச்சி மிகுந்த இடத்தில் பாடகனின் தொண்டை கம்முவதுபோன்ற நிலை அது. இதனை உடைவு என்று வைத்துக்கொள்வோம். மெல்லத் தொட்டால் தெளிவு, அழுத்தி அடித்தால் உடைவு. இரண்டுக்கும் நடுவே கையின் எத்தனை அழுத்தமுண்டோ அத்தனை நிறம். கானல்வரியில் மாதவி யாழை ஆராயுமிடத்தில் உந்தல், உருட்டல், அள்ளல் என்றெல்லாம் கைத்தொழில்கள் எண்ணப்படுகின்றன. அவை வேறுவேறாய்க் கேட்கவேண்டுமானால், கையின் வேறுபாட்டைப் பத்தரும் உணரவேண்டும். நல்ல வால்வு விரியலாக்கி அதை உணர்கின்றது. உடைவு மிகமிக, பல நரம்புகளை ஒருங்கே மீட்டும்போது பிறக்கும் சுரங்கள் தம்முள் மோதிக் கலங்கும். ஆதலால் மிகுந்த உடைவோடு வாசிப்போர் குரல், இளி ஆகிய பொருந்திய நரம்புகளையே சேர்த்து மீட்டுகின்றனர். நம் இசைநூலைப் படித்து அன்று, செவி சொல்லியே.

இந்த உடைவுக்காக மேலைநாட்டார் பட்ட பாடு வேடிக்கையானது. 1951இல் மெம்பிஸ் நகரில் 'றொக்கற் 88' ஒலிப்பதிவுக்கு வந்த குழுவினரின் விரியலாக்கி வழியிற் பழுதுபட்டது. பழுதான கூம்புக்குள் காகிதத்தை அடைத்து வாசித்தனர். லிங் றே என்பவர் கூம்பிலே துளையிட்டார். 1958இல் 'றம்பிள்' வந்தது. டேவ் டேவிஸ் என்ற இலண்டன் இளைஞர் தம் சிறு பெட்டியின் கூம்பைச் சவர அலகால் கிழித்தார். 1964இல் அவர் குழுவின் பாட்டு நாடெங்கும் ஒலித்தது. பத்தரைக் குத்திக் கிழித்து இசை தேடியவர்கள் இவர்கள்.

பெட்டி செய்தோரின் கதையும் சுவையானது. கலிபோர்ணியாவில் புல்லர்ற்றன் நகரில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த லியோ பெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. (கவி பாடத் தெரியாதவர் யாப்புக்கு உரை எழுதுவதில்லையா? எங்கள் கூட்டத்திலேயே பலர் உளர்.) அவர் வாசிப்போரைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டுக் கேட்டே திருத்தினார். அவருடைய 'பாஸ்மன்' அடிச்சுரக் கித்தாருக்கென்றே செய்யப்பட்டது; 10 அங்குலக் கூம்பு நான்கு உடைய 1959ஆம் ஆண்டுப் பெட்டியை மற்றைக் கித்தார்க்காரரும் பற்றிக்கொண்டனர். இலண்டனின் ஹான்வெல் பகுதியில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலோ முரசு கற்பிக்கும் ஆசிரியர். அமெரிக்கப் பெட்டி விலை மிகுந்திருந்தமையால் அதனைப் பார்த்து 1962 அளவில் தம் கடையிலேயே ஒன்று செய்வித்தார். சுற்றுத் திட்டம் ஏறக்குறைய அதுவே. உறுப்புகள் பிரித்தானியச் சந்தையில் கிடைத்தவை. கூம்புகள் 12 அங்குலம், நான்கு, பின்புறம் மூடிய பெட்டிக்குள். ஒலி வேறாகிவிட்டது. மூலம் கலிபோர்ணியாவிலும் உரை இலண்டனிலும் தோன்றின என்னலாம். உரை மூலத்தைக் காட்டிலும் உரத்துப் பேசியது.

மூன்றாவது மரபு கென்ற் மாகாணத்து டார்ட்போர்ட்டில் பிறந்த வொக்ஸ் ஏ.சி. 30. சிறிய ஈ.எல். 84 வால்வுகள் நான்கு; மணியடித்தாற்போல் மேற்சுரங்கள் பளிச்சிடும்; உடைவு மெல்ல மெல்ல வரும். ஷடோஸ் குழுவும் பீற்றில்ஸ் குழுவும் இதனையே மேடையேற்றின. பின்னாளில், 2007இல், வானியற் பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற பிறையன் மே, இதன் குமிழை முற்றாகத் திருகிவைத்துவிட்டுக் கித்தாரிலுள்ள குமிழாலேயே தெளிவையும் உடைவையும் ஆள்பவர். பெண்டரின் தெளிவு, மார்ஷலின் நடுச்சுர உறுமல், வொக்ஸின் மணியோசை என மூன்று குரல்கள். இன்று விற்கும் நூற்றுக்கணக்கான பெட்டிகளிற் பெரும்பாலானவை இம்மூன்றின் வழிநூல்களே. முதலில் எந்தக் குரல் தன் குரல் என்று வாசிப்பவன் அறியவேண்டும். இதை வேறொருவர் சொல்லிக்கொடுக்க இயலாது.

இனி வாற்று. நூறு வாற்றுக்குப் பிறப்புக் காரணம் உண்டு. 1960களில் மண்டப ஒலியமைப்பு பாடகர் குரலுக்கே போதாதது. கித்தாரின் ஒலி முழுவதும் மேடைப் பெட்டியிலிருந்தே அவைக்குப் போகவேண்டியிருந்தது. த ஹூ குழுவின் பீற் ரவுன்ஸெண்ட் முதலியோர் கேட்க, மார்ஷல் 1965 அளவில் நூறு வாற்றுப் பெட்டி செய்தார். அதே ஆண்டு ஆகஸ்ற் 15இல் நியூயோர்க்கின் ஷே விளையாட்டரங்கில் 55,000 பேருக்கு மேற்பட்டோர் முன் பீற்றில்ஸ் வாசித்தபோது வொக்ஸ் நிறுவனமும் நூறு வாற்றுப் பெட்டிகளைக் கொடுத்தது. அவையோரின் கூச்சலில் வாசித்தவர்களுக்கே தம் வாசிப்புச் சரியாகக் கேட்கவில்லை. இன்றோ சிறிய மண்டபத்திலும் பெட்டியின் முன் ஓர் ஒலிவாங்கியை வைக்கிறார்கள். அவைக்குக் கேட்பிப்பது மண்டப ஒலியமைப்பின் பொறுப்பு. மேடைப் பெட்டி, முரசுக்காரனுக்கு ஈடுகொடுத்தாற் போதும்.

வாற்றுக் கணக்கு பலரையும் மயக்குகின்றது. வாற்று இரட்டித்தால் ஒலி 3 தெசிபெல் மாத்திரமே ஏறும். செவிக்கு ஒலி இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 தெசிபெல், அதாவது பத்து மடங்கு வாற்று வேண்டும். 22 வாற்றுக்கும் 100 வாற்றுக்கும் உள்ள இடைவெளி ஆறரைத் தெசிபெல் அளவே. இரட்டிப்பையும் அது எட்டாது. அன்றியும், ஒரே வாற்றில் ஒரு கூம்பு 97 தெசிபெல் தர, இன்னொன்று 100 தரும். கூம்பை மாற்றினாலே வாற்றை இரட்டித்த பயன். இந்த உண்மையை நூறு வாற்றுக்காரர் சொல்வதில்லை.

நூறு வாற்றுப் பெட்டியின் வால்வுகள் உடையும் இடத்துக்கு வரவேண்டுமானால் சிறு மண்டபத்தில் எவரும் இருக்க முடியாத ஒலி எழவேண்டும். ஆகவே அதை வாங்கியவன் குமிழை இரண்டிலே வைத்துக்கொண்டு, உறங்கும் யானையைக் கட்டித் தீனி போடுகின்றான். இரண்டாவது குமிழ் ஒன்றால் முன்வால்வுகளை மாத்திரம் உடைத்து, ஒலியைத் தாழ்த்தும் ஏற்பாடு உண்டு, பயன்படும். ஆயினும் பின்னுள்ள பெரிய வால்வுகள் வேலைக்கு வந்து, கூம்பும் சேர்ந்து அசையும்போது உள்ள உயிர் அதில் குறைவு. மறுதலையாக, உடைவே வேண்டாம், உரத்த ஒலியிலும் பளிங்குத் தெளிவு வேண்டும் என்பவனுக்கு வாற்று மிகுதி வேண்டும். 85 வாற்று உடைய பெண்டர் 'ருவின் றிவேப்' அவனுக்காகவே உள்ளது. சொல்லப்போனால், அவன் திரான்சிற்றர்ப் பெட்டியையும் வெறுக்க வேண்டியதில்லை. 1975இல் வந்த றோலண்டின் ஜே.சி. 120 அவ்வகையில் இன்றும் மதிக்கப்படுவது. வால்வின் சாயலைக் கணினிக் கணக்கால் தரும் பெட்டிகளும் இப்போது நன்கு வளர்ந்துவிட்டன. ஒவ்வோரிரவும் வேறு ஊருக்கு விமானம் ஏறுவோர் அவற்றை நாடுவதில் நியாயமுண்டு. இவன் பறப்பவனல்லன்.

செவியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அமெரிக்கத் தொழிற்சுகாதார ஆய்வு நிறுவனத்தின் அளவுப்படி 85 தெசிபெல்லில் எட்டு மணி நேரம் இருக்கலாம். மூன்று தெசிபெல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 தெசிபெல்லில் 15 நிமிடமே. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசையரங்குகளுக்கு வைத்த மேலெல்லையும் 15 நிமிடச் சராசரிக்கு 100 தெசிபெல். முரசோடு நிற்கும் குழு இதனை எளிதிற் கடந்துவிடும். நூறு வாற்றை வேண்டிப்பெற்ற ரவுன்ஸெண்டே பிற்காலத்தில் செவிப்புலன் குன்றிக் காதிரைச்சலால் துன்புற்றதை வெளிப்படையாகச் சொன்னவர். மருமகனின் காதிற் கூவுவதும் அந்த இரைச்சலின் முதல் எச்சரிக்கையே.

ஒலியைக் கூட்டத் தூண்டும் காரணம் பலவேளை மிக அற்பமானது. பெட்டி நிலத்திலிருக்கின்றது, கூம்பு வாசிப்பவனின் முழங்காலைப் பார்க்கின்றது. 12 அங்குலக் கூம்பிலிருந்து மேற்சுரங்கள் நேரே ஓர் ஒளிக்கற்றைபோலப் போகும். முழங்காலுக்குச் செவியில்லை. ஆகவே அவன் கூட்டுகின்றான். முன்வரிசைக்காரர் காதைப் பொத்துகின்றார்கள். பெட்டியை ஒரு நாற்காலிமேல் ஏற்றுங்கள், அல்லது பின்னே சாய்த்து அவன் முகத்தைப் பார்க்க வையுங்கள். பாதிக் குமிழ் தானே இறங்கும். மருமகனின் பழைய பெட்டியை ஒரு வாங்கில் தூக்கி வைத்தோம். அன்றே குறைத்தான். பத்துச் சதமும் செலவில்லை.

எங்கள் நாட்டுக்கென்றே சில சங்கதிகள் உண்டு. கனடாவிலுள்ள ஒரு சிற்றப்பன் தன் பழைய 'ருவின்' பெட்டியைக் கப்பலில் அனுப்புவதாகச் சொன்னார். அங்கே மின்சாரம் 120 வோல்ற்று, இங்கே 230. நேரே செருகினால் பியூஸ் போகும். கெட்ட காலமாயின் நிலைமாற்றியே எரியும். படிகுறை நிலைமாற்றி ஒன்று தனியே வேண்டும். அது தானே ஒரு சுமை. 'ருவின்' 29 கிலோ, ஏ.சி. 30 இன்னும் கூட. 22 வாற்று 'டிலக்ஸ் றிவேப்' 19 கிலோ. ஓட்டோவின் பின்னாசனத்தில் கித்தாரோடு இருக்கும். மேடைக்கு மூன்று மாடி ஏறவேண்டிய மண்டபங்களை நினைத்தால், இது சிறிய விடயமன்று.

புவித்தொடுப்பு இல்லாத மேடையில் வாசிக்கலாகாது. 1972 மே மாதம் வேல்ஸின் சுவான்சியில் லெஸ்லி ஹாவி என்னும் கித்தார்க்காரர் புவித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்ட கணத்தில், மேடையிலேயே மாண்டார். நரம்பு ஒரு பக்கம், ஒலிவாங்கி மறுபக்கம், இடையே மனித உடல். வாடகைக்கு வரும் மின்பிறப்பாக்கியில் மின்னழுத்தம் ஏறியிறங்கும். வால்வுகளுக்கும் அது நல்லதன்று. பெட்டிக்குள் 400 வோல்ற்றுக்கு மேலும் இருக்கும். செருகியைக் கழற்றியபின்னும் சிலபொழுது தங்கும். ஆதலின் அறிந்தவரன்றித் திறக்கலாகாது. கூம்பை இணைக்காமல் ஓட்டினால் உள்ளேயுள்ள நிலைமாற்றி அழியும். பெரிய வால்வுகள் தேயும் பொருள். அடிக்கடி வாசிப்பவன் ஓரிரு ஆண்டுக்கொருமுறை மாற்றவேண்டி வரலாம், மாற்றும்போது சிலவகைப் பெட்டிகளை அளவிட்டுத் திருத்தவும் வேண்டும். இன்று கித்தார்க்காரருக்கான வால்வுகள் ரஷ்யாவின் சரத்தோவிலும், ஸ்லோவாக்கியாவிலும், சீனாவிலுமே பெரும்பாலும் செய்யப்படுகின்றன. 2022இல் உக்ரேன் போர் தொடங்கியபோது ரஷ்ய வால்வு வருவது தடைப்பட்டு விலை ஏறியது. ஆகவே மாற்றுவால்வின் விலையையும் பெட்டியின் விலையோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

இவ்வளவும் பேசியபின் ஒரு சனிக்கிழமை, குழுவினர் ஒத்திகை பார்க்கும் மண்டபத்துக்கு இரண்டு பெட்டிகளை இரவல் வாங்கிக் கொணர்ந்தோம். ஒன்று நூறு வாற்று, கூம்பு நான்கு. மற்றது 22 வாற்று, கூம்பு ஒன்று. கடையிலே தனியே வாசித்துப் பார்ப்பது பயனற்றது. முரசும் அடிச்சுரமும் சூழ்ந்தபோது எந்த ஒலி மேலே தெரிகின்றது என்பதே கேள்வி. வீட்டில் இனிமையாய்த் தோன்றும் ஒலி குழுவில் மறைந்துவிடும். தனியே சற்றுக் கடுமையாய்த் தோன்றுவது குழுவிற் சரியாய் விளங்கும். நான் கடைசி வரிசையில் இருந்தேன். ஒரு பைலாப் பாட்டு, ஒரு திரைப்பாட்டு, தேவாலயத்தில் வாசிக்கும் மெதுவான பாட்டு ஒன்று. மூன்றும் இரண்டு பெட்டியிலும்.

நூறு வாற்றில் குமிழ் இரண்டைக் கடக்க முரசுக்காரன் விடவில்லை. பாடும் பெண் தன் சுரம் தனக்குக் கேட்கவில்லை என்று கையசைத்தாள். சிறியதில் குமிழ் ஐந்துக்கு வந்தது. பைலாவின் வெட்டுக்கள் தெளிவாக நின்றன. திரைப்பாட்டின் இடையிசையில் அவன் அழுத்தி மீட்டியபோது ஒலி உடைந்தது. மெதுவான பாட்டில் விரல் தளர, அதே குமிழில், மீண்டும் தெளிந்தது. அவன் திரும்பிப் பெட்டியைப் பார்த்தான். வாசிக்கும்போது அவன் பெட்டியைப் பார்த்ததை அன்றுதான் கண்டேன்.

22 வாற்றையே வாங்கினான். 230 வோல்ற்றுக்கு அமைந்தது, புதிது. தமக்கையின் சங்கிலி கழுத்தில் இருக்கின்றது. மிஞ்சிய பணத்தில் மாற்றுவால்வு ஒரு சோடி, பியூஸ் மூன்று, குழுவினர் ஐவருக்கும் இசைவாணர் அணியும் காதடைப்பான் ஐந்து சோடி. முரசுக்காரன் மாத்திரம் இன்னும் அதைப் போடுகிறானில்லை.